நீரில்லா அச்சு: எவ்வளவு உண்மை?

குரோம்பேட்டை என்ற பெயர், குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் வந்தது. பக்கத்துப் பல்லாவரத்தில் தோல் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதையையும் தாம்பரம் வட்டாரத்தார் அறிவர். ஆகவே, கணிப்பொறி மூலம் துணியில் அச்சிடத் தண்ணீரே வேண்டாம் என்று உயர்விலை ஆடை விற்போர் சொல்வதைத் தரமணி 'நிஃப்ட்' கல்லூரியில் சேர விரும்பும் மாணவர்கள் அப்படியே நம்பிவிடக் கூடாது.

முறை அழகானதுதான். 2009 அக்டோபரில் பாரிசில் அலெக்சாண்டர் மக்குவீன் காட்டிய ஆடைகளில் ஊர்வனவற்றின் தோல் போன்ற கோலங்கள் இவ்வாறே அமைந்தன. நிறத்துக்கொரு சல்லடைச் சட்டம் வேண்டாம். அதைக் கழுவும் நீரும் மிச்சம்.

ஆனால் பருத்தி இழையோடு வேதிமுறையில் பிணையும் சாயமானால், துணியில் முன்கூட்டியே சோடா உப்பு, யூரியா, கடற்பாசிப் பசை ஆகியவற்றை ஏற்ற வேண்டும். அச்சிட்டபின் நீராவியில் வைத்து, ஒட்டாத சாயமும் யூரியாவும் நீங்க நன்றாக அலச வேண்டும். வயலுக்கு இடும் அதே யூரியாதான். ஏரியில் சேர்ந்தால் பாசியை வளர்க்கும்.

பாலியெஸ்டருக்கு அலசல் தேவையில்லை. தாளில் அச்சிட்டுத் துணிமேல் வைத்து, சுமார் 200 டிகிரி செல்சியசில் அழுத்தினால் சாயம் ஆவியாகி இழைக்குள் புகும். ஆனால் பாலியெஸ்டரோ பெட்ரோலியத்தின் பிள்ளை! நிறமி மை பருத்தியிலும் உலர்வெப்பத்தில் ஒட்டும். உரசலைத் தாங்குவதில் சற்றுப் பின்தங்கும்.

எனவே 'இயற்கை இழை', 'நீரில்லா அச்சு' என்று இரண்டும் ஒரே சீட்டில் இருந்தால், எந்த மை என்று கேட்க வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் நொய்யலில் கலந்த கழிவுநீரால்தான்.