நாளைய உணவும் இன்றைய மன்றாட்டும்

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தமிழில் பெயர்க்கச் செய்து மக்களுக்குக் கற்பித்த மன்றாட்டுகளுள் ஆண்டவர் கற்பித்த செபமும் ஒன்று. திரேஸ்புரக் கரை இன்றும் அதனைச் சொல்லி வருகிறது. அதில் உணவுக்கு அடையாக நிற்கும் கிரேக்கச் சொல் 'எபியூசியோஸ்'. அதன் பொருள் குறித்து அறிஞரிடையே இன்னும் உடன்பாடு இல்லை.

மத்தேயு 6:11, லூக்கா 11:3 ஆகிய இரு இடங்களிலன்றி விவிலியத்தில் இச்சொல் இல்லை. கிரேக்கர் எவரும் வழங்காத இதனை நற்செய்தியாளரே ஆக்கினர் போலும் என்றார் 3ஆம் நூற்றாண்டின் ஒரிஜன். எகிப்தில் கிடைத்த செலவுக் கணக்கு ஒன்றில் இச்சொல் இருப்பதாக 1889இல் எழுந்த நம்பிக்கையும் நிலைக்கவில்லை. காணாமற்போன அந்த ஏடு 1998இல் மீண்டும் கிடைத்தபோது, அங்கே 'எண்ணெய்' என்னும் சொல்லே இருக்கக் கண்டனர்.

புனித எரோணிமுஸ் தம் இலத்தீன் பெயர்ப்பில் இந்த ஒரே சொல்லை மத்தேயுவில் 'பொருண்மைக்கு மேலான' என்றும், லூக்காவில் 'அன்றாட' என்றும் தந்தார். இருப்பைக் குறிக்கும் 'ஊசியா' என்பதை வேராகக் கொண்டால், 'உயிர்வாழத் தேவையான' எனவும் பொருள்படும். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பும் மத்தேயுவில் 'தேவையான', லூக்காவில் 'அன்றாட' என்றே பிரிகிறது. தெளிவான தமிழ்தான், ஆயினும் மூலத்தில் இரண்டும் ஒரே சொல் என்பதைக் கோவிலில் செவிமடுக்கும் மக்கள் அறிய வழியில்லை. மூன்றாவது பொருளும் இவ்விரு சொற்களில் ஒலிக்கவில்லை.

'வரும் நாளுக்குரிய' என்பதே அப்பொருள். பவுலின் கப்பல் 'மறுநாள்' நெயாப்பொலி சேர்ந்ததைக் கூறும் திருத்தூதர் பணிகள் 16:11இல் வரும் 'எபியூசா' இதன் உறவுச் சொல். எபிரேயர் நற்செய்தியில் 'நாளைக்குரிய' என்ற சொல்லையே கண்டதாக எரோணிமுஸும் எழுதினார்.

நாளையைப் பற்றிக் கவலைப்படாதீர் என்னும் போதனைக்கு இது முரண் என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. கவலைப்படுதல் வேறு, கேட்டல் வேறு. பாலைநிலத்தில் மன்னா அன்றன்றைக்கே அளிக்கப்பட்டது. ஆயினும் ஓய்வுநாளை முன்னிட்டு ஆறாம் நாளில் இரட்டிப்பாகக் கிடைத்தது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் வள்ளங்கள் கரையிலே கிடக்கும். அன்று அடுப்பெரிவது முந்தைய நாளின் பாட்டினால். அவ்வீட்டுத் தாய் நாளைய அரிசிக்காக இன்றே மன்றாடுவது பேராசையன்று. விடியாத நாளையும் தந்தையின் கையில் ஒப்படைக்கும் பற்றுறுதி.

நாவில் பழகிய செபத்தை மாற்றவேண்டும் என நாம் கோரவில்லை. 'அன்றாட' என்று சொல்லும்போது, நாளையும் அதனுள் அடங்கும் என்பதை மறைக்கல்வியில் எடுத்துரைப்போமாக. கடலை நம்பி வாழ்வோர்க்கு அது புதிய போதனையாக இராது.