பக்க எண் சொல்லிப் பேசுங்கள்

அண்மையில் படித்த ஒரு புத்தகத்தைப் பற்றி நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்று மதுரையில் ஒருவர் நினைத்தால், இடமும் கிடைக்கும், கேட்க ஆளும் கிடைக்கும். மாடி அறை, முப்பது நாற்காலி, ஒரு மைக், நடுவில் தேநீர் போதும். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1975இல் உருவானது இந்த ஊரில்தான். வாசகர் வட்டங்கள், கல்லூரித் தமிழ்த்துறைகள், தமுக்கம் புத்தகத் திருவிழா மேடை என்று இந்தப் பழக்கத்துக்கு வாசல்கள் பல. இதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் இப்போது நடக்கிற விதத்தில் புத்தகத்துக்கு நியாயம் கிடைப்பதில்லை.

பத்திரிகையில் வரும் மதிப்புரை, அந்தப் பத்திரிகையை வாங்குகிறவரைத்தான் எட்டும். வாய்ப்பேச்சோ கடையை அடைத்துவிட்டு வழியில் எட்டிப் பார்த்தவரையும் உட்கார வைத்துவிடும். அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ 2008இல் வந்தபோது, ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய அந்த நாவலைப் பற்றிய பேச்சை மதுரைக்காரர்கள் வேறு யாரும் கேட்க முடியாத விதத்தில் கேட்டார்கள். அதில் இடிபடுகிற கோட்டை அவர்களுடைய கோட்டை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு எழுந்தவைதான் வெளி வீதிகள். அந்த வேலையில் பங்குகொண்டவர்களின் பெயர்களை மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்றும் சுமக்கின்றன. தினமும் அந்த வீதிகளில் சைக்கிள் மிதிக்கிறவருக்கு, நாவலாசிரியர் எதைச் சரியாகச் சொன்னார், எதை மிகையாக்கினார் என்று கேட்கும் உரிமை தானாகவே வந்துவிடுகிறது. உள்ளூர்க் கூட்டத்தின் உண்மையான பலம் இந்த உரிமைதான்.

அந்த நாவலைப் பற்றிக் கருத்துகளும் மோதின. ஜெயமோகன் விரிவாகப் பாராட்டி எழுதினார், எஸ். ராமகிருஷ்ணன் கடுமையாக நிராகரித்து எழுதினார். 2011இல் சாகித்திய அகாதமி விருது வந்த பிறகும் சர்ச்சை ஓயவில்லை. இருவர் எழுதியதையும் படித்துவிட்டு நாவலுக்குள் போன வாசகர் கண்ணைத் திறந்துகொண்டு போனார். என்னைக் கேட்டால் ஒரு புத்தகத்துக்குக் கிடைக்கக்கூடிய பெரிய மரியாதை அதுதான்.

மேடையில் அந்த மரியாதை கிடைப்பதில்லை. நூலாசிரியர் பொன்னாடையோடு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது யார் வாய் திறந்து குறை சொல்வார்? பேச அழைக்கப்படுகிறவர் பெரும்பாலும் நண்பர். இல்லையென்றால் அதே முகாமைச் சேர்ந்தவர். முதல் பத்து நிமிடம் நட்பைச் சொல்வதில் போகும். அடுத்த இருபது நிமிடம் கதைச் சுருக்கம். கடைசியில் அனைவரும் வாங்கிப் படிக்க வேண்டிய நூல் என்ற வேண்டுகோள். கதை முழுதும் கேட்டவர் படித்த நிறைவோடு வீட்டுக்குப் போகிறார், புத்தகம் மேசையிலேயே இருந்துவிடுகிறது. இறைவன் பாட்டிலேயே குற்றம் கண்ட நக்கீரர் கதையைப் பெருமையோடு சொல்லும் ஊர், ஒரு கவிதைத் தொகுப்பில் நாலு கவிதை தேறவில்லை என்று சொல்லத் தயங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

புத்தகத்துக்குள் போகாமல் பேசுகிற இந்தச் சிக்கல் புதிதல்ல. விமர்சகர் க.நா.சு. தான் படித்ததை ‘படித்திருக்கிறீர்களா?’ என்று வாசகரைக் கேட்கும் தொனியில் பகிர்ந்துகொண்டவர். அவருடைய ரசனை நம்பத்தக்கது; ஆனால் பல நேரம் முடிவை மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவார். வத்தலக்குண்டுக்காரரான சி.சு. செல்லப்பாவுக்கு அது போதவில்லை. ஏன் நல்லது, எந்த இடத்தில் நல்லது என்று அலசிக் காட்ட வேண்டும் என்றார். 1959இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியதே விமர்சனத்துக்கு இடம் வேண்டும் என்றுதான். பிறகு புத்தகங்களைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இன்றைய மேடைக்குத் தேவை செல்லப்பாவின் வழி என்பேன். க.நா.சு.வின் ரசனை எல்லாருக்கும் வாய்க்காது. பக்கத்தைக் காட்டிப் பேசுவது யாருக்கும் கைகூடும்.

அப்படிப் பேசியதை ஒருமுறை பார்த்தேன். ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ நாவல் பற்றிய கூட்டம். பேசியவர்கள் நாகராஜனின் வாழ்க்கையிலும் 1981இல் நேர்ந்த மரணத்திலுமே நேரத்தைக் கழித்தார்கள். நாவலுக்கு வந்தவர்களும் அதன் நாயகன் கந்தனைத் தாண்டவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். புத்தகத்தில் அங்கங்கே பேருந்துச் சீட்டைச் செருகி வைத்திருந்தார். “தோழர், எல்லாரும் கந்தனையே பேசுறீங்க. மீனா என்ன நெனச்சான்னு இந்தப் புத்தகத்துல எங்கயாச்சும் இருக்கா? நான் தேடிப் பாத்தேன்” என்றவர், சீட்டு செருகிய பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினார். கந்தனின் மனைவி மீனாவை நாகராஜன் வெளியிலிருந்தே பார்க்கிறார் என்பது அந்தப் பெண்ணின் வாதம். அதை நான் முழுதாக ஏற்கவில்லை. எவருடைய மனதையும் அந்த நாவல் விளக்கிக்கொண்டிருக்காது, அதுவே அதன் கலை. ஆனாலும் அவர் பேசிய ஐந்து நிமிடத்துக்குப் பிறகுதான் அந்த அறை நாவலைப் பேசத் தொடங்கியது.

2023 ஜூலை 15 அன்று நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்ட பிறகு இந்த ஊருக்குப் புத்தகப் பஞ்சம் என்று சொல்ல முடியாது; குறை பேசும் விதத்தில்தான். கூட்டம் நடத்தும் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: மாதம் ஒரு கூட்டத்தையாவது நூலாசிரியரை மேடையேற்றாமல் நடத்துங்கள். அந்தப் புத்தகம் பிடிக்காத ஒருவரையும் பேச அழையுங்கள். கேட்க வருகிறவர்களிடம் புத்தகத்தைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். கடைசி அரை மணி நேரத்தை அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.