சொன்னது டாசிட்டஸா, கால்ககஸா?

ஊரைப் பாழாக்கிவிட்டு அதற்கு ‘அமைதி’ என்று பெயர் வைப்பதைக் கண்டிக்கும் ஒரு ரோமானிய வாசகம் உண்டு. பொன்மொழித் தொகுப்புகளில் அதன் கீழே டாசிட்டஸ் என்று போட்டிருப்பாங்க. நாமும் கட்டுரையில் “டாசிட்டஸ் கூறினார்” என்று எழுதிட்டு அடுத்த பத்திக்குப் போயிடறோம். எழுதியவர் அவர்தான். ஆனால் அவர் வாயால் சொல்லவில்லை.

ஏறத்தாழ கி.பி. 98இல் அவர் எழுதிய ‘அக்ரிகோலா’, தம் மாமனாரின் வாழ்க்கை வரலாறு. மாமனார் பிரிட்டனை ஆண்ட ரோமானிய ஆளுநர். கிராப்பியஸ் மலைப் போருக்கு முன் எதிரிப்படைத் தலைவன் கால்ககஸ் தன் வீரர்களிடம் பேசுகிறான். அந்த வாசகம் அங்கேதான் வருகிறது. அந்தப் பேச்சை எந்த ரோமர் கேட்டிருப்பார்? டாசிட்டஸே புனைந்தது என்பதுதான் பொதுவான கருத்து. அக்கால வரலாற்று நூல்களில் இது வழக்கம்தான்.

மாணவர்களே, கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மாமனாரைப் புகழ எழுதிய நூலில், ரோமைப் பற்றிய மிகக் கடுமையான குற்றச்சாட்டை எதிரியின் வாயில் வைக்கிறார் ஆசிரியர். அடுத்து அக்ரிகோலாவும் பேசுகிறார். என் கணிப்பில் அந்தப் பேச்சு கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது.

போரில் எதிரிகள் 10,000 பேரும் ரோமர் தரப்பில் 360 பேரும் மாண்டதாகக் கணக்குச் சொல்கிறார். (வென்றவர் கணக்கு, அப்படித்தான் இருக்கும்!) மறுநாள் காலை வர்ணனை மட்டும் வெற்றி விழா மாதிரி இல்லை. எங்கும் மௌனம், ஆளற்ற குன்றுகள், தூரத்தில் புகையும் வீடுகள். தோற்றவர்களே ஆத்திரத்தில் கொளுத்திய வீடுகள் அவை. கால்ககஸ் சொன்ன பாழ்நிலம் கண்முன்னே கிடக்கிறது; டாசிட்டஸ் இரண்டையும் முடிச்சுப் போட்டுக் காட்டவில்லை. அந்த இடைவெளியை வாசகர்தான் நிரப்பணும். மேற்கோளை மட்டும் பிடுங்கி எடுத்தால் இது அத்தனையும் போச்சு.

நூலின் பலவீனம் வேறு. மாமனாரிடம் ஒரு குறைகூட அவர் கண்ணுக்குப் படவில்லை. பேரரசர் டொமிஷியனிடமோ குறையைத் தவிர வேறொன்றும் படவில்லை. வெற்றிச் செய்தி கேட்டு முகத்தில் மகிழ்ச்சியும் மனத்தில் கலக்கமுமாக இருந்தாராம் பேரரசர். பிறகு அக்ரிகோலா ரோமுக்குத் திரும்ப அழைக்கப்படுகிறார்; 93இல் இறக்கும்வரை வேறு பெரிய பதவி கிடைக்கவில்லை. நாம் யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரையே வெறுப்பது மனித இயல்பு என்ற கருத்து இந்தப் பகுதியில் வருகிறது. இது மட்டும் டாசிட்டஸ் தம் சொந்தக் குரலில் சொன்னது.