‘ஷியாப் பிறை’ என்னும் கருத்தாக்கம்: ஒரு மறுமதிப்பீடு

ஜோர்தான் மன்னர் இரண்டாம் அப்துல்லா, 2004 டிசம்பரில் அமெரிக்க நாளிதழ் ஒன்றுக்கு அளித்த நேர்காணலில், ஈரானிலிருந்து ஈராக், சிரியா வழியாக லெபனான் வரை நீளும் ‘ஷியாப் பிறை’ ஒன்று உருவாகக்கூடும் என்று எச்சரித்தார். அமெரிக்கப் படையெடுப்புக்குப் பின் ஈராக்கில் நிகழவிருந்த முதல் பொதுத்தேர்தலுக்குச் சில வாரங்களே எஞ்சியிருந்த நேரம் அது. எச்சரிக்கையாகப் பிறந்த அத்தொடர், பின்னர் விளக்கமாக உருமாறியது. மதப்பிரிவுப் பற்றே மேற்காசிய அரசுகளின் நட்பையும் பகையையும் தீர்மானிக்கிறது என்னும் கருதுகோள், சான்று கேட்கப்படாமலே அதன்வழி நிலைபெற்றது. தமிழ் இதழ்களின் அயல்நாட்டு அரசியல் கட்டுரைகளும் இதற்கு விலக்கல்ல.

இக்கருதுகோளுக்கு உரைகல்லாக அமைவது, 1980 செப்டம்பரில் தொடங்கி 1988 ஆகஸ்டில் ஓய்ந்த ஈரான்–ஈராக் போர். ஈராக்கின் காலாட்படையில் பெரும்பான்மையினர் ஷியாக்கள். அவர்கள் திரளாகத் தன் பக்கம் சாய்வர் என்று தெஹ்ரான் எதிர்பார்த்தது, அது நிகழவில்லை. ஈரானின் குசெஸ்தானில் வாழும் அரபு மக்கள் தம் படையை வரவேற்பர் என்று சதாம் ஹுசைன் கணித்தார், அதுவும் பொய்த்தது. மதப்பிரிவை நம்பியவரும் இனத்தை நம்பியவரும் ஒரே களத்தில் ஏமாந்தனர். அரபு நாடான சிரியாவோ ஈரானை ஆதரித்து, 1982 ஏப்ரலில் தன் நிலத்தின் வழியே சென்ற ஈராக்கின் எண்ணெய்க் குழாயை மூடியது. அசாத் குடும்பத்தின் அலவி அடையாளத்தைக் கொண்டு இதனை விளக்குவோர் உளர். ஆயின் டமாஸ்கஸ், பாக்தாத் பாத் கட்சிகளுக்கு இடையிலான பிளவு 1966இலேயே தொடங்கியது. ஈரானியப் புரட்சி அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் பிற்பட்டது.

ஏமனின் சான்று இன்னும் வன்மையானது. 1962இல் அங்கே குடியரசுப் புரட்சி நிகழ்ந்தபோது, எகிப்து குடியரசினரை ஆதரித்தது. சவூதி அரேபியாவோ, ஷியாவின் ஒரு கிளையான ஸைதிப் பிரிவைச் சேர்ந்த இமாமுக்குப் பொருளும் படைக்கலமும் வழங்கியது. அதே ஸைதிச் சமூகத்திலிருந்து எழுந்த ஹூதிகள் மீது 2015 மார்ச்சில் சவூதி விமானங்கள் குண்டு வீசின. பிரிவு மாறவில்லை, எல்லைக்கு அப்பால் யார் ஆள்வது என்ற கவலைதான் மாறியது. வடக்கே, ஷியாப் பெரும்பான்மை கொண்ட அஜர்பைஜானுக்குத் துணைநிற்பது சன்னிப் பெரும்பான்மைத் துருக்கி. ஈரான் கிறித்தவ அர்மீனியாவுடன் நெருக்கம் பேணுகிறது. பிறை வரைந்தோர் இப்பகுதியை வரைபடத்தில் சேர்ப்பதில்லை.

எனில் மதப்பிரிவுக்கு அரசியல் ஆற்றலே இல்லையா? உண்டு, ஆனால் அது அரசுகளின் செயலால் கூர்மையடைவது. 2003 ஜூலையில் அமெரிக்க ஆட்சியாளர்கள் அமைத்த ஈராக்கின் ஆட்சிமன்றக் குழுவில் 25 இடங்கள் இருந்தன. ஷியாக்களுக்கு 13, சன்னி அரபியருக்கு 5, குர்தியருக்கு 5, துருக்மேனியருக்கும் அசீரியருக்கும் ஒவ்வொன்று எனப் பங்கிடப்பட்டன. கட்சியோ கொள்கையோ அன்றிப் பிறப்படையாளமே பதவிக்குரிய தகுதியாயிற்று. எனினும் எல்லாவற்றையும் அயலார் சூழ்ச்சி என்று ஒதுக்கும் எதிர்வாதமும் ஏற்கத்தக்கதன்று. ‘ஈரானிய வம்சாவளியினர்’ என்று பட்டம்சூட்டி ஷியாக் குடும்பங்களை நாடுகடத்தியதும், 1980 ஏப்ரலில் அறிஞர் முகம்மது பாகிர் அல் சத்ரைக் கொன்றதும், 1991 எழுச்சியைக் குருதியில் நசுக்கியதும் பாக்தாத் அரசே. அமெரிக்கர் வந்து பங்கிட்டது, ஏற்கெனவே கிழிக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தை.

2016 ஜனவரியில் ஷியா மதகுரு நிம்ர் அல் நிம்ருக்கு ரியாத் மரணதண்டனை நிறைவேற்றியதும், அதன் தூதரகம் தெஹ்ரானில் தாக்கப்பட்டதும் உறவு முறிவில் முடிந்தன. 2023 மார்ச்சில் பெய்ஜிங்கில் அவ்வுறவு மீண்டது. இடையில் எந்த இறையியல் வேறுபாடும் தீர்க்கப்படவில்லை. முடிவுறாத ஏமன் போரும், 2019 செப்டம்பரில் சவூதி எண்ணெய் நிலையங்கள் தாக்கப்பட்டபோது வாஷிங்டன் காட்டிய தயக்கமுமே ரியாத்தின் கணக்கை மாற்றியிருக்க வேண்டும்.

ஷியாக்களின் உள்ளேயும் ஒருமை இல்லை. நஜஃபின் மூத்த அறிஞர் சிஸ்தானி ஈரானின் மஷ்ஹத் நகரில் பிறந்தவர். எனினும் ஈரானை ஆளும் மதகுருவாட்சிக் கோட்பாட்டை அவர் ஈராக்கில் வலியுறுத்தியதில்லை. 2019 நவம்பர் 27 அன்று அதே நஜஃபில், ‘பிறை’யின் நடுவிடத்தில், ஈரானியத் துணைத்தூதரகம் தீக்கிரையாக்கப்பட்டது. தீயிட்ட கூட்டம் ஷியா இளைஞர்களுடையது.