ரைட் கியர் புல்லட் 350: மலையில் ஒரு பரிசோதனை

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டை நான்குவழிச் சாலையில் விரட்டிப் பார்த்து மதிப்பெண் போடுவது அந்த வண்டிக்குச் செய்யும் அநியாயம். அது போட்டிக் களத்தில் வளர்ந்த வண்டி. ஆனால் அந்தக் களத்தில் வேகத்துக்கு மதிப்பில்லை. அதனால் நண்பரின் 1990களின் ரைட் கியர் 350-ஐ, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் ஏற்றினேன்.

பிறந்த கதை

இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு ஆலையில் உருவான புல்லட்டின் முன்மாதிரிகள், விற்பனைக்கு வருமுன்பே 1948-ல் கோல்மோர் ட்ரயல் போட்டியில் இறங்கின. ட்ரயல் போட்டியில் பாறையிலும் சேற்றிலும் வண்டியை ஏற்றி இறக்க வேண்டும். கால் தரையில் பட்டால் புள்ளி போய்விடும். அன்றைய ட்ரயல் வண்டிகள் பெரும்பாலும் பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாதவை. புல்லட்டோ ஸ்விங் ஆர்மும் இரண்டு ஷாக் அப்சார்பரும் மாட்டிக்கொண்டு வந்தது. அதே ஆண்டு சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள் இருந்தன. இரண்டுமே தங்கப் பதக்கம் பெற்றன. ட்ரயல் வீரர் ஜானி பிரிட்டன் 1952-லும் 1957-லும் ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரயலை வென்றதும் 350 சிசி என்ஃபீல்டில்தான். 1955-ல் என்ஃபீல்டு நிறுவனம் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர, இந்த வண்டி நம் திருவொற்றியூருக்கு வந்தது.

ஸ்டார்ட் செய்வது

முரட்டுத்தனமாக மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். சாவியைப் போட்டு, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். பிறகு டீகம்ப்ரஸரைப் பிடித்துப் பிஸ்டனை உச்சி தாண்ட வைத்து, விட்டுவிட்டு, ஒரே முழு மிதி. பாயிண்டும் கார்புரேட்டரும் சரியாக இருந்தால் உடனே உயிர் வரும்.

ஓட்டம்

கியர் வலது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பிரேக் இடது காலில். புதிதாக ஓட்டுபவர் காலியான தெருவில் பழகிவிட்டுத்தான் போக்குவரத்துக்குள் நுழைய வேண்டும்.

346 சிசி, 18 குதிரைத்திறன் என்பது இன்றைய கணக்கில் சொற்பம். ஆனால் சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 90 மி.மீ. இந்த நீண்ட ஓட்டமும் கனமான ஃப்ளைவீலும் சேர்ந்து, வேகம் எவ்வளவு குறைந்தாலும் எஞ்சினை அணையவிடாமல் இழுக்கின்றன. செங்குத்தான வளைவில் இரண்டாவது கியரிலேயே, கிளட்சைத் தொடாமல், ஒவ்வொரு அடியாக எண்ணி ஏறியது. திரும்பும்போது வண்டி தள்ளாடவில்லை. ஜல்லி பெயர்ந்த இடத்திலும் பின்சக்கரம் பிடியை விடவில்லை. ட்ரயல் களத்தில் பாறை ஏறிய குணம் இங்கே அப்படியே தெரிகிறது.

குறைகள்

இறக்கத்தில் டிரம் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. கியரைக் குறைத்து எஞ்சினையே பிடித்துக்கொள்ளச் செய்ய வேண்டும். மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டினால் ஃபுட்ரெஸ்டிலும் ஹேண்டில்பாரிலும் அதிர்வு கூடுகிறது. டேப்பட், பாயிண்ட் இடைவெளி, செயின் தொய்வு ஆகியவற்றை அடிக்கடி பார்க்க வேண்டும். நட்டு போல்ட்டுகளும் அதிர்வில் தளரும்.

தீர்ப்பு

தினமும் அலுவலகத்துக்கு விரைபவருக்கு இது வேண்டாம். மலைச்சாலையையும் கிராமத்து மண்பாதையையும் நிதானமாகச் சுற்ற விரும்புபவர், பழைய புல்லட் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். வாங்குமுன் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்காதீர்கள். ஒரு மேட்டில் இரண்டாவது கியரில் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். திணறாமல் ஏறினால் எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது என்று நம்பலாம்.