கடைசி முறுக்கு

சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் சஸ்பென்ஷன் புஷ் வாங்க வருபவர்களைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்க்கலாம். பெரும்பாலானோர் வண்டி மாடலைச் சொல்லி விலை கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள். எப்போதாவது ஒருவர் உறையைப் பிரித்து, புஷ்ஷை வெளிச்சத்தில் திருப்பி, ரப்பரும் இரும்பும் சேருகிற விளிம்பை நகத்தால் நெருடிப் பார்ப்பார். அங்கே மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். கடைக்காரருக்கு எரிச்சல்தான். ஆனால் அடுத்த டப்பாவை உள்ளேயிருந்து எடுத்து வருவார், முதலில் காட்டியதை விட நல்லதாக.

அந்த விளிம்பில் என்ன இருக்கிறது? ஆர்ம் புஷ் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய்கள், நடுவில் ரப்பர். வெளிக்குழாய், சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் கண்ணுக்குள் இறுகி உட்காருகிறது. உள்குழாய் வேண்டுமென்றே சற்று நீளமாக விடப்பட்டிருக்கும். போல்ட்டை முடுக்கும்போது சேஸியின் இரண்டு காதுகளும் உள்குழாயைத்தான் கவ்வுகின்றன, ஆகவே அது அசையாது. சக்கரம் மேலே ஏறி இறங்கும்போது எதுவும் எதன் மேலும் உரசிச் சுழல்வதில்லை. ரப்பர் மட்டும் முறுக்கிக்கொண்டு, பிறகு தானே திரும்பி வருகிறது. கிரீஸ் வேண்டாம், தேய்மானம் இல்லை, சத்தம் இல்லை. இரும்போடு ரப்பர் பிடித்திருக்கும் அந்தப் பிடிப்புத்தான் மொத்த வித்தையும். முன்பு இரும்பின் மேல் பித்தளை முலாம் பூசி ரப்பரை அதில் பிடிக்க வைத்தார்கள். பிறகு அதற்கென்றே பசைகள் வந்தன.

இது எங்கும் பரவுவதற்கு முந்தைய காலத்து ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்பில் பட்டை ஸ்பிரிங்கைச் சேஸியோடு சேர்த்த ஷாக்கிளில் ரப்பர் புஷ்ஷே கிடையாது. மரை வெட்டிய இரும்புப் புஷ். சிலவற்றில் வலமரை, சிலவற்றில் இடமரை. இடமரை எது என்று கை தடவிக் கண்டுபிடிக்க ஷாக்கிளிலேயே ஒரு சின்ன மேடு வைத்திருந்தார்கள். ஒழுங்காக கிரீஸ் அடித்தால் ஆண்டுக்கணக்கில் ஓடும். மறந்தால் மரையே தேய்ந்து மழுங்கிவிடும். பராமரிக்க ஆளும் அட்டவணையும் இருந்த ராணுவத்துக்கு அது சரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஜீப்பை வெளியே எடுக்கும் மயிலாப்பூர்க்காரருக்கு ரப்பர்தான் தெய்வம்.

ரப்பரிலும் இந்த வேலைக்கு இன்றும் இயற்கை ரப்பரே முதல் தேர்வு. இழுபடும்போது அதன் இழைகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு, விரிசல் மேலே பரவாமல் தடுக்கும். லட்சக்கணக்கான தடவை முறுக்குப்பட்டும் களைக்காமல் இருப்பது அதனால்தான். நமக்கு அந்நியமான பொருளும் இல்லை. கன்னியாகுமரி மாவட்ட மலையடிவாரத்தில் அரசு ரப்பர் கழகமே தோட்டம் வைத்திருக்கிறது. திருவொற்றியூரில் 1946-இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கொட்டகைதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. அதே ரப்பருக்கு மூன்று எதிரிகள்: சூடு, எண்ணெய், ஓசோன். சென்னையில் மூன்றும் தாராளம்.

புஷ் எத்தனை நாள் வரும் என்ற கேள்விக்குப் பட்டறைகளில் சொல்லும் கணக்கு, சாதாரணக் காருக்கு ஏறக்குறைய 1,00,000 கி.மீ.; காடு மேடு போகிற வண்டிக்கு அதில் பாதி வந்தாலே லாபம். கணக்கு தப்பில்லை, ஆனால் அதில் பெரிய ரசம் இல்லை. ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஒரே புஷ் போட்ட இரண்டு வண்டிகளில் ஒன்று கொழுக்குமலைப் பாறைப் பாதையில் ஏறி இறங்கியும் கல்லாக நிற்கும். இன்னொன்று பாண்டிபஜாரைத் தாண்டாமலே இரண்டு வருடத்தில் கடகடக்கும். வித்தியாசம் பல சமயம் பாதையில் இல்லை. புஷ்ஷை மாட்டிய அன்று போல்ட்டைக் கடைசியாக முறுக்கியபோது வண்டி எங்கே நின்றது என்பதில் இருக்கிறது.

வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினால் சக்கரங்கள் கீழே தொங்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டால், தொங்கும் கோணம்தான் ரப்பருக்கு ஓய்வு நிலை ஆகிவிடும். வண்டியைத் தரையில் இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கேறிய நிலையிலேயே வாழ வேண்டும். ஓடும்போது, சிக்னலில் நிற்கும்போது, ராத்திரி முழுக்க வாசலில் கிடக்கும்போது, எப்போதும். அதற்கு மேல் ஒரு வேகத்தடை வந்தால் முறுக்கு இன்னும் கூடுகிறது. இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரைத்தான் ஓசோன் தேடிப் பிடித்து வெடிக்க வைக்கும். வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்த இடத்தில் ஓசோனுக்குப் பஞ்சமில்லை. ஆகவே மந்தைவெளித் தெருவில் கவர் போட்டு நிறுத்தி வைத்திருக்கும் ஜீப்பின் புஷ்கூட, ஒரு கிலோமீட்டர் ஓடாமலே விரிசல் விடலாம்.

நல்ல கைக்காரர் என்ன செய்வார்? எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் பிடிக்க விட்டுவிட்டு வண்டியை இறக்குவார். பம்பரைப் பிடித்து முன்னும் பின்னும் நாலு குலுக்குக் குலுக்கி, ஸ்பிரிங் தன் இடத்துக்கு வந்து அமர விடுவார். அதற்கப்புறம்தான் பள்ளத்தில் இறங்கி, அல்லது சிமெண்ட் தரையில் மல்லாக்கப் படுத்து ஊர்ந்து, ஒவ்வொன்றாக இறுதி இறுக்கு இறுக்குவார். இடுப்பு ஒடிகிற வேலை. லிப்ட்டில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் முடிக்கக்கூடியதை இப்படி முக்கால் மணி நேரம் இழுப்பதற்கு எந்த வாடிக்கையாளரும் தனியாகக் காசு கொடுப்பதில்லை. ஆனாலும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பட்டறையின் முகவரியை அடையாறில் ஒருவர் இன்னொருவருக்கு, நல்ல நாதஸ்வரக்காரரின் போன் நம்பர் மாதிரி, தயங்கித் தயங்கித்தான் தருவார்.

இதே விதியை இன்னொரு கூட்டம் தெரியாமல் மீறுகிறது. புது மகிந்திரா தார் வாங்கிய கையோடு இரண்டு அங்குலம் உயர்த்தும் கிட் போடுகிறவர்கள். செங்கல்பட்டு அருகே மகிந்திராவின் ஆராய்ச்சி மையத்தில் உருவாகி 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த அந்த வண்டியில், பின்பக்கப் பட்டை போய், காயில் ஸ்பிரிங்கும் பல ஆர்ம்களும் வந்தன. ஆர்ம் கூடினால் புஷ்ஷும் கூடும். உயரத்தை மாற்றிய அன்றே அத்தனை ஆர்மின் ஓய்வுக் கோணமும் மாறிவிடும். எல்லா போல்ட்டையும் தளர்த்தி, புதிய உயரத்தில் மறுபடி இறுக்க வேண்டும். செய்வது அபூர்வம். வண்டி கம்பீரமாக நிற்கும், உள்ளே அத்தனை புஷ்ஷும் கழுத்து திருகிக் கிடக்கும்.

1985-இல் வந்த மாருதி ஜிப்ஸி இந்த விஷயத்தில் சாது. நாலு மூலையிலும் பட்டை. புஷ், தொப்பி வடிவில் இரண்டு அரைத் துண்டு. இரு பக்கமிருந்தும் கையாலேயே செருகலாம், விலையும் கம்மி. அதிலும் எடை ஏறிய நிலையில் இறுக்குவதுதான் முறை. அதன் பெரிய பகை வாட்டர் சர்வீஸ். கழுவி முடித்ததும் பட்டை கிறீச்சிடாமல் இருக்கட்டும் என்று அடியில் டீசலோ கழிவு ஆயிலோ பீய்ச்சுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. இரும்புக்கு அது நல்லதுதான். இயற்கை ரப்பர் அந்த எண்ணெயைக் குடித்து ஊதி, குழகுழத்துப் போகும். பட்டை சத்தம் ஒரு வாரம் நிற்கும், புஷ் நிரந்தரமாக நின்றுவிடும்.

பாலியூரித்தேன் புஷ் பற்றி என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். சிவப்பும் மஞ்சளுமாகப் பார்க்க மிட்டாய்க் கடை. ரப்பர் புஷ் பொதுவாக, கடினத்தை அளக்கும் ஷோர் ஏ அளவில் 50 முதல் 70 வரை என்றால், இது 70-இல் தொடங்கி 95 வரை போகும். எண்ணெய்க்கு அஞ்சாது. உள்குழாயோடு ஒட்டாமல் அதன்மேல் சுழல்வதால் அந்தக் கடைசி முறுக்குப் பிரச்சினையும் இதற்கு இல்லை. ஆனால் சுழல்கிற பொருளுக்கு கிரீஸ் வேண்டும், அதுவும் சிலிக்கான் கிரீஸ். சேற்றில் இறங்கினால் வண்டல் உள்ளே போய் உப்புத்தாளாக அரைக்கும். பாறையில் ஒரு சக்கரம் மேலேயும் ஒன்று பள்ளத்திலுமாக நிற்கும்போது ஆர்ம் பக்கவாட்டிலும் கோணுகிறது. ரப்பர் அதற்கு விட்டுக்கொடுக்கும். இது விறைத்துக்கொண்டு அந்தப் பாரத்தைப் பிராக்கெட்டின் வெல்டிங் மேல் தள்ளும். மாதம் ஒருமுறை மலையேறி, வந்ததும் கழற்றித் துடைத்துப் பூட்டுகிறவருக்கு அது பொருந்தும். தி.நகரில் குடியிருப்பவருக்கு வண்டிக்குள் அதிர்வைக் காசு கொடுத்து வாங்கியதுதான் மிச்சம்.

பழைய புஷ்ஷைக் கழற்றுவதில்தான் கடற்கரை ஊரின் குணம் தெரியும். பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று போல்ட்டை உள்குழாயோடு ஒன்றாக்கிவிடும். சம்மட்டி எடுப்பவர் சேஸியின் காதை வளைத்துவிடுவார். கேஸ் வைத்து ரப்பரை எரிப்பவர் தெருவையே இரும வைப்பார். பொறுமைசாலி, வெளிக்குழாயின் உள்பக்கமாக ஹாக்ஸா பிளேடை விட்டு, ஆர்மின் கண்ணில் கீறல் படாமல் ஒரே கோடு அறுப்பார். இறுக்கம் விட்டதும் குழாய் சுருண்டு தானே கைக்கு வரும். புதியதை ஏற்றுமுன் கண்ணைத் துடைத்து, விளிம்பின் பிசிறை அரத்தால் இழைத்து, சோப்புத் தண்ணீர் தடவுவார்; எண்ணெய் தொடமாட்டார். சில புஷ்களில் ரப்பருக்குள் பிறை வடிவில் இடைவெளி விட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் மென்மை, மற்றப் பக்கம் விறைப்பு. பழையது எந்தத் திசையில் இருந்தது என்று கழற்றும் முன்பே ஆர்மில் சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருப்பார். பிரஸ்ஸில் நேராக, ஒரே மூச்சில் இறங்கும்போது கிளம்பும் அந்த மெல்லிய முனகல் கேட்கவே நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததுண்டு.

புஷ் போய்விட்டது என்பதைத் தெரிந்துகொள்ள மலைக்குப் போக வேண்டாம். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகத் திருப்பிவிடப்பட்ட லஸ், பனகல் பூங்கா பக்கத்துச் சாலைகளே போதும். இரும்புத் தகடு ஏறும்போது வரும் ‘டொக்’கை ஷாக் அப்சார்பர் என்று நினைத்து அதை மாற்றிவிட்டு, சத்தம் அப்படியே இருப்பதைப் பார்த்து விழிப்பவர்கள் ஏராளம். பிரேக் போடும்போது ஒரு ‘டொக்’, விடும்போது இன்னொன்று என்றால் ஆர்ம் புஷ்ஷைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். முன் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்தாலும் அதுதான். நீள லிவரைக் கொடுத்து நெம்பினால் ஆட்டம் தெரியும். மேல்பரப்பில் சின்னச் சின்ன வெடிப்பு இருப்பதாலேயே மாற்ற வேண்டியதில்லை. ரப்பர் இரும்பை விட்டு விலகியிருந்தால் மாற்றலாம். மாற்றினால் இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிட்டு, அலைன்மென்ட் பார்க்க வேண்டும். அதற்கு நாலு நாள் ஓட்டிவிட்டுப் போனால் நல்லது, புது ரப்பர் கொஞ்சம் படியும்.