தராசு எவர் கையில்?

பொகவந்தலாவையின் கொழுந்து மடுவத்திலே மாலை நிறுவைக்கு நிற்கும் தொழிலாளப் பெண்ணுக்குத் தராசின் நீதியை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கொழுந்தைக் கொய்தவள் அவள்; முள்ளைப் பார்ப்பவர் வேறொருவர்; சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்துக் கணக்கெழுதுபவரும் அவரே. அப்பெண்ணின் பக்கம் நின்று செர்நோபில் இலக்கியமொன்றை மதிப்பிடுவதே எமது நோக்கம்.

1986 ஏப்பிரல் 26-இல் வெடித்த அணு உலையின் துயரை, ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் 1997-இல் வெளியிட்ட 'செர்நோபில் பிரார்த்தனை' என்னும் நூல் மக்கள் வாய்மொழியாகவே தருகிறது. தீயணைக்கச் சென்று மாண்டவனின் மனைவியும், ஊரிழந்த முதியோரும், படைவீரரும் அதிற் பேசுகின்றனர். அவர்களைப் பேசவிட்டுத் தாம் ஒதுங்கி நிற்கும் ஆசிரியரின் பண்பு போற்றத்தக்கது. 2015-இல் அவர் பெற்ற நோபெல் பரிசு தகுதியுடையார்க்குக் கிடைத்த பரிசே.

ஆயினும் எமக்கொரு மனக்குறை உண்டு. நிறமும் மணமும் சுவையுமற்ற கதிரியக்கத்தை ஆசிரியர் பெரிதும் அறிவுக்கெட்டாப் புதிராகவே காண்கிறார். உண்மையில் அதன் வழி தெளிவானது. அயடின்-131 புல்லிற் படியும். பசுவின் பாலில் இறங்கும். பாலருந்திய குழந்தையின் தைரொயிட் சுரப்பியிற் சேரும். எட்டு நாளில் அதன் வீரியம் பாதியாகும். ஆகவே முதல் வாரங்களிற் பாலை அளந்து, நஞ்சேறியதைத் தடுத்திருப்பின் பல பிள்ளைகள் புற்றுநோய்க்குத் தப்பியிருப்பர். சீசியம்-137 பாதியாகக் குறையவோ 30 ஆண்டுகள் வேண்டும். அதனால் மண்ணையும் உணவையும் தலைமுறை கடந்தும் அளந்துகொண்டேயிருத்தல் வேண்டும்.

இதற்குச் சாட்சி அந்நூலிலேயே உண்டு. பெலரூஸ் அணுசக்தி ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராயிருந்த வசீலி நெஸ்தெரென்கோ, அயடின் வழங்குமாறு தாம் மன்றாடியதையும், அளவைக் கருவிகள் பறிக்கப்பட்டதையும் அதிற் கூறுகிறார். நூலின் உயிர்நாடி இதுவே என்பது எமது துணிபு. ஆனால் ஒப்பாரிகளின் நடுவே இக்குரலும் ஓர் ஒப்பாரியாய்க் கரைந்துவிடுகிறது. நெஸ்தெரென்கோ அழுதமையவில்லை. 1990-இல் 'பெல்ராட்' நிறுவனத்தைத் தொடங்கி, கிராமந்தோறும் மக்கள் தம் பாலையும் காளானையும் கொணர்ந்து அளந்தறியும் நிலையங்களை அமைத்தார். அழும் தாயை உள்ளம் உருகக் காட்டிய நூல், அளக்கும் தாய்க்கும் அதேயளவு இடம் தந்திருக்கலாம்.

அளவை மக்கள் கையில் இல்லாதவிடத்து என்ன நிகழும் என்பதற்குத் தேயிலையே சான்று. செர்நோபில் முகில் துருக்கியின் கருங்கடற் கரைத் தேயிலையையும் மாசுபடுத்தியது. அமைச்சர் ஜாஹித் ஆரல் மக்கள் காணத் தேநீர் அருந்தி, அச்சமில்லை என்றார். பின்னரோ மாசுற்ற தேயிலை பெருந்தொகையாகப் புதைக்கப்பட்டது. அமைச்சரின் மிடறு அளவைக் கருவியாகுமா?

எமது நாட்டிலும் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அணுசக்தி அதிகாரசபை தோன்றியது; 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் பணியை அணுசக்திச் சபைக்கும், தனியானதோர் ஒழுங்குமுறைப் பேரவைக்கும் பகிர்ந்தளித்தது. நிறுவனம் இருப்பது நன்று, அது போதுமா?

இந்நூலைப் பற்றி வகுப்பிற் பேசியபோது, "சேர், எங்கள் வீட்டுப் பால்மாவை அளந்தவர் எழுதிய கணக்கை நாங்கள் பார்க்கலாமா?" என்று வினவினாள் ஒரு மாணவி. கொழுந்தெடுக்கும் தாயின் மகள் அவள். அக்கணக்கு அவள் மொழியில், கூட்டுறவுக் கடைச் சுவரில், அவள் கண்முன் தொங்கவேண்டும். அவ்வுரிமையை ஓங்கிக் கேட்கும் இலக்கியமே இனி எமக்கு வேண்டுவது.